ரோட்டரி எஞ்சின் இனி ஒயில் குடிக்காது என்று சொன்னால் நம்பாதீர்கள்

ரோட்டரி எஞ்சினில் ஓடும் மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் வைத்திருப்பவர்களும், பழைய ஒன்றை வாங்கலாம் என்று எண்ணியிருப்பவர்களும் இதை முழுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கனடாவின் ஸ்காபரோவில் நம்மவர் ஒருவர் நடத்தும் கராஜில், என் காரின் ஒயில் செலவை நிறுத்தித் தருவதாகச் சொன்னதை நம்பி 340 டொலர் கொடுத்தேன். பதினான்கு மாதம் கழித்து எஞ்சினையே இழந்தேன். விடயம் இப்போது சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் இருப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை.

2006ஆம் ஆண்டு மாதிரியான அந்தக் காரை 98,000 கிலோமீற்றர் ஓடிய நிலையில் வாங்கினேன். இருபது வருடமாகச் சாதாரண கார்களே ஓட்டிய எனக்கு, ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குறைவது பெரிய கோளாறாகத் தெரிந்தது. ஊற்றிய ஒவ்வொரு முறையும் திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். அந்தக் கொப்பிதான் பிறகு எனக்குச் சாட்சியானது.

கராஜ் உரிமையாளர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பிஸ்டன் றிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்காமலே சரிசெய்யலாம் என்றார். ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனே கிடையாது, அதற்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர்தான் சுழல்கிறது. ஆகவே றிங்கும் கிடையாது. அந்த ஒரு சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும். மறுநாள், ஓட்டப் பந்தயக் கார்களுக்கான முழுச் செயற்கை ஒயில் என்று 10டபிள்யூ-60 என்ற மிகத் தடித்த தரத்தில் ஒன்றை ஊற்றி, இரண்டு மணி நேரக் கூலியும் சேர்த்துப் பில் தந்தார். "அண்ணை, இனி இந்தக் கார் ஒயில் குடிக்காது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அவர் சொன்னது போலவே ஒயில் குறையவில்லை. நாலாயிரம் கிலோமீற்றர் ஓடியும் அளவுகோல் அதே இடத்தில் நின்றது. நானும் மகிழ்ந்து இரண்டு நண்பர்களை அதே கராஜுக்கு அனுப்பினேன். அதை இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை.

ஏன் அது மகிழ வேண்டிய விடயம் அல்ல என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சாதாரண எஞ்சினில் சிலிண்டர் சுவர் கீழிருந்து தெறிக்கும் ஒயிலால் நனைகிறது. மிகுதியை பிஸ்டனின் றிங்குகள் வழித்துவிடுகின்றன. ரோட்டரியில் முக்கோண வடிவ ரோட்டர் சுழலும் அறைக்குள் ஒயில் அப்படிப் போய்ச் சேர வழியில்லை. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல்கள் என்னும் அடைப்புப் பட்டைகள் அறையின் சுவரை ஓயாமல் உரசிக்கொண்டே போகின்றன. அவை வரட்சியாக உரசக் கூடாது என்பதற்காகவே, ஒரு சிறு பம்ப் எஞ்சின் ஒயிலை அளந்து அளந்து அறைக்குள் செலுத்துகிறது. அது பெற்றோலோடு எரிந்து போகிறது. என் காரின் தலைமுறையில் ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒயில் செலுத்த இரண்டு ஊசித்துளைகள். 2009 மாதிரியிலிருந்து மஸ்டா அதை மூன்றாக்கியது. இரண்டு போதவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ரோட்டரி எஞ்சின் ஒயில் எரிப்பது நோயின் அறிகுறி அல்ல. அது எரிக்காமல் இருப்பதுதான் நோயின் அறிகுறி.

அடுத்த கோடையில், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுத்தது. காலையில் சிக்கலில்லை; பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்ப வந்து திறப்பைத் திருப்பினால் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே கராஜில் முதலில் பற்றறியை மாற்றினார்கள், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார்கள். புதிய மோட்டார் வேகமாகச் சுற்றியதால் சில வாரம் சமாளித்தது. நோய் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில், ரோட்டரி எஞ்சின் மட்டுமே திருத்தும் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் செய்தது, அறைக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று பார்க்கும் கொம்ப்ரெஷன் சோதனை. இதற்குச் சாதாரண மானி உதவாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்களின் அழுத்தத்தைத் தனித்தனியே காட்டும் ரோட்டரி மானி வேண்டும். மஸ்டா ஏற்கும் மிகக் குறைந்த அளவு, நிமிடத்துக்கு 250 சுழற்சியில், சதுர சென்ரிமீற்றருக்கு 6.9 கிலோகிராம். என் முதலாவது ரோட்டர் 6.1 அளவில் நின்றது. இரண்டாவதன் ஒரு முகம் 5.3 காட்டியது. பிறகு மேலே இருந்த பாகங்களைக் கழற்றி, என்னை அழைத்துக் காட்டினார். ஒயில் செல்லும் நான்கு மெல்லிய குழாய்களும் வெட்டப்பட்டு, நுனிகள் அடைக்கப்பட்டிருந்தன. பம்பின் மின் இணைப்பை மட்டும் கழற்றாமல் விட்டதால் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பழைய பிளாஸ்டிக் குழாய்கள் தொட்டாலே உடையும் என்று அவர் சொன்னார். கராஜில் ஒன்று தவறி உடைந்து, அதை மறைக்க மற்றவற்றையும் அடைத்தார்களா, அல்லது தொடக்கத்திலேயே திட்டமிட்டுச் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. அடைத்தவர்கள் என்னிடம் சொல்லியிருந்தால், பெற்றோலோடு கலந்து எரிப்பதற்கென்றே உள்ள டூ-ஸ்ட்ரோக் ஒயிலைச் சேர்த்து ஓட்டி எஞ்சினைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விலை உயர்ந்த அந்த 10டபிள்யூ-60 ஒயில் இந்த வேலைக்கு ஒரு திரையாகவே பயன்பட்டது. அது ஆர்எக்ஸ்-8க்குப் பொருத்தமானதும் அல்ல. கனடாவின் தைமாதக் குளிரில் அவ்வளவு தடித்த ஒயில் மெதுவாகவே நகரும். குளிரிலும் சூட்டிலும் ஓடுவதற்காக அதில் சேர்க்கும் தடிப்பாக்கிகள் எரியும்போது படிவு விடும். வட அமெரிக்கக் கையேடு சொல்வது அதைவிட மிக மெல்லிய 5டபிள்யூ-20. ஆனால் பிரித்துத் திருத்துபவர்கள் பலர், அச்சுத் தண்டின் பெயரிங்குகள் தேய்ந்திருப்பதைக் கண்டு, 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 ஊற்றச் சொல்கிறார்கள். 2009 மாதிரியில் மஸ்டாவே ஒயில் அழுத்தத்தைக் கூட்டியதைப் பார்க்கும்போது அவர்கள் சொல்வதையே நான் ஏற்கிறேன். செயற்கை ஒயில் என்றாலே ஆகாது என்பதும் சரியல்ல. ஜப்பானிய இதெமிற்சு நிறுவனம் ரோட்டரிக்கென்றே செயற்கை ஒயில் விற்கிறது. பார்க்க வேண்டியது, எரிந்தபின் குறைவாகச் சாம்பல் விடுகிறதா என்பதைத்தான். நல்ல கனிம ஒயிலை ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது, விலை உயர்ந்த ஒன்றை நீண்ட காலம் வைத்திருப்பதைவிட நல்லது என்பது என் முடிவு.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் இன்னும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாகனம் திருத்துபவர் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். இறுதிப் பில் அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கழற்றிய பாகங்களை உங்களிடம் திருப்பித் தர முன்வர வேண்டும். நான் மூன்றையும் கேட்கவில்லை, நம்மவர்தானே என்று விட்டுவிட்டேன். அன்று கழற்றிய பாகங்களைக் கேட்டிருந்தால் வெட்டிய குழாய்த் துண்டுகளை அன்றே பார்த்திருப்பேன். அதே சட்டம் திருத்த வேலைக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறது. என் எஞ்சின் தன் பாதிப்பைக் காட்டுவதற்குள் இரண்டும் கடந்துவிட்டன.

முந்தைய உரிமையாளர்தான் குழாய்களை அடைத்திருப்பார் என்று கராஜ்காரர் சொல்கிறார். அப்படியானால் கராஜுக்குப் போகும்வரை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எப்படிக் குறைந்தது என்ற கேள்விக்கு, என் கொப்பியின் படங்களை அனுப்பியும், இன்றுவரை பதில் வரவில்லை.

எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க 6,800 டொலர் ஆனது. இப்போது புதிய குழாய்கள், 5டபிள்யூ-30 ஒயில். இரண்டு முறை பெற்றோல் அடித்தால் ஒரு முறை, சமதரையில் நிறுத்தி அளவுகோலைப் பார்க்கிறேன். போன சனிக்கிழமை ஒயில் குறைந்திருந்தது; அரை லீற்றர் ஊற்றி, கொப்பியில் எழுதினேன்.