ஐ-அக்காவுன் மஜிக்கான்: 15ஆம் தேதிக்கு உதவும், கணக்குக்கு உதவாது

மலேசியாவில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும் எவரும் ஊழியர் சேமநிதி வாரியம் முதலாளிகளுக்காக நடத்தும் இணையப் பக்கமான ஐ-அக்காவுன் மஜிக்கான் சேவையைத் தவிர்க்க முடியாது. முதல் ஊழியரைச் சேர்த்துச் சந்தா கட்டும் பொறுப்பு வந்ததிலிருந்து 7 நாட்களுக்குள் முதலாளியாகப் பதிய வேண்டும். அதன்பின் மாதாமாதம் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். சந்தாவை நேரத்தோடு கட்ட இது நல்ல சேவைதான். கட்டிய தொகை சரியா என்பதை மட்டும் இது சொல்லாது. தாமதக் கட்டணம் பெரிய தொகையாக வந்து நிற்பது, தேதியை மறந்தவர்களிடம் மட்டுமல்ல. எல்லா மாதமும் 15க்கு முன்பே கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்களிடமும்தான்.

முதலில் தேதி. ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஜனவரிச் சம்பளத்துக்குப் பிப்ரவரி 15. வாரியத்தின் பேச்சில் இது பிப்ரவரிச் சந்தா. சம்பள மாதம் வேறு, சந்தா மாதம் வேறு. புதிதாகச் சம்பளக் கணக்குப் பார்க்க வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். மாதத்தை மாற்றித் தேர்ந்துவிட்டால் பணம் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் கட்ட வேண்டிய மாதம் காலியாகவே இருக்கும்.

வேலை செய்யும் முறை எளிது. ஊழியர் பட்டியலைத் திரையிலேயே தட்டச்சு செய்யலாம், அல்லது சம்பள மென்பொருள் தரும் கோப்பை ஏற்றலாம். மாதச் சந்தா விவரப் படிவமான பாரம் ஏ தயாரானதும் எஃப்பிஎக்ஸ் என்ற இணையக் கட்டண முறை வழியாக வங்கிக்குப் போய்க் கட்டலாம். பாரத்தை அனுப்பிவிட்டால் கட்டியதாக ஆகாது. நிறுவனக் கணக்குகளில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். அந்த இரண்டாமவர் 15ஆம் தேதி விடுப்பில் இருந்தால், அலுவலகம் முடித்துவிட்டதாக நினைக்கும் வேலை வங்கியில் அப்படியே கிடக்கும். ஆகவே 10ஆம் தேதியை உள்கெடுவாக வைப்பது உத்தமம். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சந்தாவும் வருமான வரிப் பிடித்தமும் அதே 15ஆம் தேதிதான் என்பதால் கடைசி நாள் நெரிசலையும் தவிர்க்கலாம். பணம் போனதற்கான ரசீதையும் பாரம் ஏயின் பிரதியையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்திருந்தால் பின்னால் வாதாட முடியாது.

அடுத்தது தொகை. 60 வயதுக்குட்பட்ட மலேசியருக்குத் தொழிலாளி பங்கு 11%. சம்பளம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை இருந்தால் முதலாளி பங்கு 13%, அதைத் தாண்டினால் 12%. இந்த விகிதங்களைக் கால்குலேட்டரில் அப்படியே பெருக்குவது தவறு. சட்டம் சொல்வது, சம்பளப் படிவாரியாகச் சந்தாவைக் குறிக்கும் மூன்றாம் அட்டவணையை. 5,000 வெள்ளி வரை 20 வெள்ளிக்கு ஒரு படி. அதற்கு மேல் 20,000 வரை 100 வெள்ளிக்கு ஒரு படி. 3,000 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி பங்கு 390ம் தொழிலாளி பங்கு 330ம், ஆக 720. சம்பளம் 3,005 ஆனால் விகிதக் கணக்கு 391, 331 என்று காட்டும். அட்டவணையோ அது விழும் படியின் மேல் எல்லையான 3,020க்கு 393, 333 கேட்கும். நான்கு வெள்ளி வித்தியாசம். பார்க்கச் சில்லறைதான், ஆனால் நாற்பது பேருக்குப் பன்னிரண்டு மாதம் என்றால் 1,920 வெள்ளி குறைந்துபோயிருக்கும். எக்செல் வைத்தே சம்பளம் போடும் சிறு கடைகள் இந்த ஒரு இடத்தையாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை அலவன்ஸ். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சந்தா கட்டினால் போதும் என்ற நினைப்பு இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கமிஷன், போனஸ், பின்தேதியிட்ட சம்பள உயர்வின் பாக்கி, நிலையான அலவன்ஸ் எல்லாமே சந்தாவுக்கு உட்பட்டவை. விலக்கு உள்ளவை ஓவர்டைம், பயணப் படி, சேவைக் கட்டணம், பணிக்கொடை, ஆட்குறைப்பு இழப்பீடு போன்ற சில. ‘பயணப் படி’ என்று பெயர் சூட்டி, வண்டியே இல்லாத கடை ஊழியருக்கும் மாதம் 300 வெள்ளி கொடுத்தால் சோதனை அதிகாரி பெயரைப் பார்க்கமாட்டார், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்றுதான் பார்ப்பார்.

அந்த 300 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். அடிப்படை 2,700க்குக் கட்டியது 351ம் 297ம் சேர்ந்து 648. கட்டியிருக்க வேண்டியது 3,000க்கான 720. ஒருவருக்கு மாதம் 72 வெள்ளி குறைவு. பத்துப் பேர், மூன்று வருடம் என்றால் 25,920 வெள்ளி. இதில் தொழிலாளிகள் பங்காக வந்திருக்க வேண்டியது 11,880. மூன்று வருடத்துப் பாக்கியை இன்றைய சம்பளத்தில் ஒரேயடியாகப் பிடித்து ஈடுகட்டச் சட்டம் இடம் தராது. முதலாளி கையிலிருந்துதான் போகும். இதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக் குறைவும் அந்தந்த மாதத்தின் 15ஆம் தேதியிலிருந்தே தாமதமாகக் கணக்கிடப்படும். இத்தனை காலமும் ஐ-அக்காவுன் ஒவ்வொரு மாதமும் தடையில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலாளி எழுதிக் கொடுக்கும் சம்பளம்தான் அதற்குத் தெரியும். சம்பளச் சீட்டில் இருப்பது தெரியாது. ‘பக்கம் ஏற்றுக்கொண்டதே’ என்பதை அத்தாட்சியாக நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

இனி தண்டனை. 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் இது இரண்டு வகைப் பணமாக வருகிறது. ஒன்று, 45ஆம் பிரிவின்படி, தாமதத்தால் தொழிலாளி இழந்த லாப ஈவை முதலாளி கட்டுவது. மற்றொன்று 49ஆம் பிரிவின் தாமதக் கட்டணம்: அந்தந்த ஆண்டின் லாப ஈவு விகிதத்தோடு 1% கூட்டியது, குறைந்தது 10 வெள்ளி. 2024க்கு லாப ஈவு 6.30%, ஆக அந்த ஆண்டுக்குத் தாமதக் கட்டணம் 7.30%. மேலே சொன்ன பத்துப் பேரின் ஒரு மாதச் சந்தா 7,200 வெள்ளி. ஒரு மாதம் தள்ளிக் கட்டினால் தாமதக் கட்டணம் சுமார் 44 வெள்ளி.

இந்த 44 வெள்ளிதான் ஆபத்தான எண். வங்கி ஓவர்டிராஃப்டைவிட மலிவாகத் தெரிவதால் கைமுதல் இறுகும்போது சந்தாப் பணத்தைத் திருப்பி ஓட்டலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் விடுபடுவது குற்றவியல் பக்கம். சந்தா கட்டத் தவறினால் 43ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொழிலாளி பங்கைச் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் 48ஆம் பிரிவு: 6 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. இந்த இரட்டிப்பு நியாயமானது. முதல் வகை கடன் பாக்கி, இரண்டாவது அடுத்தவர் பணம். தாமதக் கட்டணத்தை இன்னும் கூட்டி வைத்திருந்தால் இந்தச் சபலத்துக்கே இடமிருக்காது என்பது வேறு விஷயம்.

‘சென்டிரியான் பெர்ஹாட்’ (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) என்ற கவசமும் இங்கே உதவாது. 46ஆம் பிரிவு இயக்குநர்களையும் பங்காளிகளையும் நிறுவனத்தோடு சேர்த்தே பொறுப்பாக்குகிறது. பாக்கி இருக்கும்போது 39ஆம் பிரிவின் வழி குடிநுழைவுத் துறை மூலம் வெளிநாட்டுப் பயணத்தையும் நிறுத்த முடியும். பெயரளவில் இயக்குநராகக் கையெழுத்துப் போட்ட மனைவி, மைத்துனர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

2025 அக்டோபர்ச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இரு தரப்பிலும் 2% கட்டாயம். வீட்டுப் பணியாளர்களுக்கு விலக்கு உண்டு. உணவகம், முடிதிருத்தும் கடை, தோட்டக் குத்தகை போன்ற இடங்களில் இதுவரை பட்டியலிலேயே இல்லாத பெயர்கள் இதனால் உள்ளே வந்திருக்கின்றன. பழைய மாதத்துப் பட்டியலை நகலெடுத்துக் கட்டும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். விடுபட்ட பெயருக்கு அந்தப் பக்கம் எச்சரிக்கை தராது.

தொழிலாளிக்கு இருக்கும் சோதனை வழி சுலபம். தம் ஐ-அக்காவுனில் மாதவாரியாக வந்த சந்தாவைச் சம்பளச் சீட்டில் பிடித்த தொகையோடு ஒப்பிட வேண்டும். 16ஆம் தேதியே பார்த்துப் பதற வேண்டாம், கணக்கில் ஏறச் சில நாள் ஆகலாம். மாதக் கடைசியிலும் வரவில்லையென்றால் முதலாளியிடம் எஃப்பிஎக்ஸ் ரசீதைக் கேட்கலாம். ரசீது காட்ட மறுத்தால் சம்பளச் சீட்டுகளோடு நேராக வாரியக் கிளைக்குப் போகலாம். ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்களும், சீட்டு இல்லாவிட்டால் வேலை செய்த மாதங்களையும் வாங்கிய தொகையையும் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம்.