ஒன்றரை மாசம் பென்சிலே தொட விடல: ராம்நாட்டுல பையன ஓ.டி.க்கு கூட்டிட்டுப் போன கதை

எங்க ஊரு தங்கச்சிமடம். மகன் இப்ப மூணாவது படிக்கிறான், கணக்க வாயால கேட்டா டக்குனு சொல்லுவான், அதையே நோட்டுல எழுதச் சொன்னா கோழி கிளறுன மாதிரி இருக்கும், அதுவும் அமுக்கி அமுக்கி எழுதி தாள் பின்பக்கம் பொத்துக்கிட்டு வந்துரும், பத்து வரி தாண்டுறதுக்குள்ள கை வலிக்குதும்மான்னு உக்காந்துருவான். சோம்பேறின்னு நானே அடிச்சிருக்கேன், இப்ப சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஸ்கூல்ல இம்போசிஷன் குடுத்தாங்க, நான் ரெண்டு கோடு நோட்டா வாங்கிக் குவிச்சேன், ஒன்னும் நடக்கல.

வட்டார வள மையத்துலேர்ந்து ஸ்கூலுக்கு வர்ற ஸ்பெஷல் டீச்சர் ஒருத்தவுகதான் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமா ஓ.டி., பாருங்கன்னு சொன்னாக. ஓ.டி.ன்னதும் எங்க மாமியார் ஆப்பரேசன் தியேட்டருன்னு நெனச்சு அழுதுட்டாக. வீட்டுக்காரவுக, ஆக்குபேஷன்னா தொழிலாச்சே, ஏழு வயசுப் பயலுக்கு என்ன தொழிலு சொல்லிக் குடுக்கப் போறாங்கன்னு ஒரே கிண்டல். பிள்ளைக்கு வெளையாடுறதும் படிக்கிறதும்தான் தொழில், அத செய்ய வைக்கிற வைத்தியம்னு பிறகுதான் புரிஞ்சுச்சு.

சென்டர் ராமநாதபுரத்துல, பேரு போடல, சின்ன ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிரும். ஒரு சிட்டிங் 400 ரூவா, 45 நிமிசம். மொத நாளு ஒரு மணி நேரம் பாத்தாங்க, நோட்ட கடைசியிலதான் தொறந்தாங்க. அதுக்கு முன்னாடி கண்ணு டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டாங்க, அப்பறம் ரெண்டு கால தூக்கிப் புடிச்சு கையால நடக்க வச்சாங்க, உள்ளங்கையில அஞ்சாறு காசு வச்சு ஒவ்வொன்னா வெரல் நுனிக்கு கொண்டு வரச் சொன்னாங்க, கண்ண மூடிட்டு கையில இருக்குறது சாவியா சோழியான்னு கேட்டாங்க. பாதிக்குப் பாதி தடுமாறுனான். தோளும் முதுகும் பலமில்லாம இருக்கு, ஒடம்பு ஆடுறத சமாளிக்க வெரல இறுக்குறான், எவ்வளவு அமுக்குறோம்னும் அவனுக்கு சரியா தெரியல, அதான் கை வலிக்குதுன்னாங்க. ரெண்டு வருசமா வெரலையே பாத்துட்டு இருந்தோம், கோளாறு தோள்ல இருந்திருக்கு.

அடுத்த ஒன்றரை மாசம் எழுதவே விடல. களிமண்ணு மாதிரி ஒன்ன பிசையிறது, துணிக் கிளிப்ப கயித்துல மாட்டுறது, சுவத்துல பேப்பர ஒட்டி நின்னுக்கிட்டே கிறுக்குறது, இவ்வளவுதான். அது ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது, அதனால வீட்டுக்காரவுகதான் கூட்டிட்டுப் போனாக, ஒருநாள் அங்கயே கேட்டுட்டாக, 400 ரூவா குடுத்து மாவு பிசையவா மேடம் வந்தோம்னு. அந்த மேடம் கோவப்படல, வீட்ல என்ன வேலண்ணே நடக்குதுன்னு கேட்டுச்சு, வலை சரி பண்றோம்னு சொல்லவும், அப்ப அவனையும் உக்கார வைங்கன்னுருச்சு. இடது கையில கண்ணிய இழுத்துப் புடிக்கணும், வலது கையில ஊசி போகணும், எழுதுறப்பவும் அதே கதைதான, இவன் நோட்ட இடது கையால புடிக்கிறதே இல்ல பாருங்கன்னு காட்டுச்சு. நாங்க கவனிச்சதே இல்ல. அன்னையிலேர்ந்து தாத்தா கூட வலை வேலை, வெரல்ல ரெண்டு தடவ குத்திக்கிட்டான், ஆனா ஆசையா செஞ்சான்.

வீட்டுல செஞ்ச மத்த விசயமும் காசில்லாததுதான். எழுதுறப்ப கால் தொங்கக்கூடாதுன்னாங்க, மீன் பொட்டிய கவுத்துப் போட்டு கால வைக்கச் சொன்னோம். தடிமனான ஃபைல் ஒன்ன சரிவா வச்சு அது மேல நோட்டு. பேப்பருக்கு அடியில கார்பன் வச்சு, மொத தாள்ல விழணும் ரெண்டாவது தாள்ல விழக்கூடாதுன்னு ஒரு ஆட்டம், இதுக்குத்தான் அமுக்குறது கொறஞ்சுச்சு. எழுத்தும் அ ஆ வரிசையில இல்ல, நேர்கோடா வர்ற ட, ப மொதல்ல, ரெண்டு சுழி ன, மூணு சுழி ண எல்லாம் கடைசியா, அதுவும் கடக்கர மணல்ல வெரலால பெருசா எழுதிப் பாத்துட்டுத்தான் நோட்டு. ஆன்லைன்ல ரப்பர் கிரிப் 3 பீஸ் வாங்கிட்டுப் போனேன், தேவையில்ல, மூணு வெரலோ நாலு வெரலோ, கை வலிக்காம எழுத்து புரிஞ்சா போதும்னுட்டாங்க. தண்டம்.

கொறையும் இருக்கு. வாரத்துக்கு ஒரு சிட்டிங்தான் கெடைக்குது, பஸ்ஸுல போயி காத்துக் கெடந்து திரும்ப ஒரு நாளே ஓடிரும். ரிப்போர்ட்டு மூணு பக்கம், முழுசா இங்கிலீசு, கிளாஸ் டீச்சர் மடிச்சு ரிஜிஸ்டருக்குள்ள வச்சதோட சரி. நான் சென்டர்ல சண்ட போட்டு தமிழ்ல அரைப் பக்கம் எழுதி வாங்குனேன், முன் பெஞ்சுல கால் தரையில படுற மாதிரி உக்கார வைங்க, போர்டுல இருக்குறத முழுசா காப்பி பண்ண வைக்காதீங்க, பாதிய வாயால கேளுங்கன்னு. அதுக்கப்புறம்தான் ஸ்கூல்ல எதாவது மாறுச்சு. இன்னொன்னு, ல ள ழ குழப்பம் இன்னும் போகல, அது எழுத்துப் பிழை, ஸ்பெஷல் எஜுகேட்டர் பாக்க வேண்டியது, எங்க வேல இல்லன்னு நாலாவது மாசம் சொல்றாங்க, அத மொத நாளே சொல்லியிருக்கணும்.

இப்ப தாள் கிழியிறது நின்னுருச்சு, கை வலி கொறஞ்சிருக்கு, காலாண்டுத் தேர்வுல தமிழ் பேப்பர் கடைசிக் கேள்வி வரைக்கும் போயிட்டான். வேகம் இன்னும் கம்மிதான், முத்து முத்தான கையெழுத்தெல்லாம் இல்ல, அத எதிர்பாத்து போகாதீங்க. வேகம் வரவே இல்லன்னா பெரிய கிளாஸ்ல சர்ட்டிபிகேட்டு வாங்கி பரீட்சையில கூடுதல் நேரம் கேக்கலாமாம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே கற்றல் குறைபாடு இருக்கு.

காசுக்கு யோசிக்கிறவுக மொதல்ல பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க, 2013ல வந்த ஆர்.பி.எஸ்.கே.ங்குற பிள்ளைக நலத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் ஃப்ரீயா பாக்கணும், எங்களுக்கு இது ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. இந்த சென்டருக்குத்தான்னா 5க்கு 4 குடுப்பேன், போறப்ப தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, ரிப்போர்ட்ட தமிழ்ல கேட்டு வாங்குங்க.