ஆசிரியர் காப்பீடு: விஸ்கான்சின் வழியா, மாசசூசெட்ஸ் வழியா?

2011-இல் அமெரிக்காவின் இரண்டு மாநிலங்கள் ஒரே சிக்கலைச் சந்தித்தன. பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவோ ஏறிக்கொண்டே போனது.

விஸ்கான்சினில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த 'சட்டம் 10' ஆசிரியர் உள்ளிட்ட அரசு ஊழியர் சங்கங்களின் பேச்சுவார்த்தை உரிமையையே வெட்டியது. அடிப்படைச் சம்பளம் தவிர வேறெதையும் சங்கம் பேச முடியாது. அதிலும் வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டால் தவிர, உயர்வு விலைவாசி உயர்வைத் தாண்டக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்தை மாற்றுவதும் பிரீமியத்தில் ஆசிரியர் பங்கைக் கூட்டுவதும் பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போயின. ஓய்வூதியத்துக்கும் சம்பளத்தில் பிடித்தம் வந்தது. காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் மட்டும் விலக்கு! மிச்சம் உடனே கிடைத்தது, உண்மைதான். ஆனால் பள்ளிகளுக்கான மாநில நிதியும் அதே ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் அந்த ஆண்டே ஓய்வு பெற்றுப் போனார்கள்.

மாசசூசெட்ஸும் தொழிற்சங்க உரிமையில் கைவைத்தது, ஆனால் அளவோடு. ஆசிரியர்களுக்கும் காப்பீடு தரும் நகராட்சி நிர்வாகங்கள், ஊழியர் மருத்துவரிடம் தன் கையிலிருந்து கட்டும் தொகையை உயர்த்தலாம், அல்லது மாநில அரசு ஊழியர்களின் காப்பீட்டுக் குழுவில் சேரலாம். முதலில் சங்கங்களோடு 30 நாள் பேச வேண்டும்; உடன்பாடு வராவிட்டால் மூவர் குழு முடிவு செய்யும். முதலாண்டு மிச்சத்தில் 25 சதவீதம் வரை ஊழியர்களுக்கே திரும்பும். பிரீமியத்தை யார் எவ்வளவு கட்டுவது என்பது பேச்சுவார்த்தைக்குள்ளேயே இருந்தது.

என் ஓட்டு மாசசூசெட்ஸுக்கே. சுமை அங்கும் ஆசிரியர் தலையில்தான் விழுந்தது. ஆனால் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு ஏற்றினார்கள், மிச்சத்திலும் பங்கு கொடுத்தார்கள்.