பியானோவில் இல்லாத காந்தாரம்

லண்டனில் ஒரு பழைய தேவாலயம், மர பெஞ்சு, கோட்டைக் கழற்ற முடியாத குளிர், டிக்கெட் 18 பவுண்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை, உள்ள 12 கட்டைகளுக்குள் அடங்காத சுரங்களுக்கு எழுதியதை மட்டும் வாசிக்கப் போகிறார்கள் என்றார்கள். சுரங்களை வளைத்து அசைக்கும் கமகம் கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் என்ன புதுசு என்கிற இளக்காரத்தோடுதான் போனேன்.

முதலில் நிகோலா வீச்சென்டினோ. ஸ்தாயிக்கு 36 கட்டை வைத்து ஒரு கீபோர்டு கட்டி, 1555-ல் புத்தகமும் போட்ட இத்தாலிக்காரர். நாலு குரலுக்கு அவர் எழுதிய சின்ன லத்தீன் பாட்டை வில்லில் வாசித்தார்கள். சாதாரணமாகத் தொடங்கி, அரைச் சுரங்களுக்கு இறங்கி, கடைசியில் அதையும் பிளக்கிறது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருந்தது.

அடுத்து செக் இசையமைப்பாளர் ஆலோயிஸ் ஹாபாவின் 2ஆம் குவார்டெட் (இப்படி நாலு வாத்தியத்துக்கு எழுதும் படைப்பு), 1920, அரைச் சுரத்தையும் பாதியாக்கிய கால் சுரக் கணக்கில் எழுதியது. எனக்கு ஒட்டவில்லை. அதற்கு முன்னால் நீளமான விளக்கவுரை வேறு.

ஆனால் அமெரிக்கர் பென் ஜான்ஸ்டனின் 4ஆம் குவார்டெட்டுக்கு முன் பேச்சில்லாமல் ஒரு காரியம் செய்தார்கள். ச-க-ப மூன்றையும் பியானோ சுருதியில் பிடித்தார்கள், சரி, எப்போதும் கேட்கிற சத்தம். அப்புறம் இரண்டாம் வயலின்காரர் காந்தாரத்தில் இருந்த விரலை ஒரு மயிரிழை கீழே உருட்டினார், அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் 14 பங்கு, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குள் இருந்த நடுக்கம் சட்டென்று நின்று, நாலு பேர் வாசிப்பதை மீறி மேலே ஒரு ஓசை தானாக எழும்பியது. நல்ல தம்புராவை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் யாரும் தொடாமலே கேட்குமே ஒரு அந்தர காந்தாரம், அதே ஆள்தான்! என் இளக்காரம் அங்கேயே போயிற்று.

1973-ல் எழுதிய அந்தக் குவார்டெட், ‘அமேஸிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவப் பாட்டை வைத்துக்கொண்டு சுத்தமான ச-ப இடைவெளிகளில் தொடங்கி, பிறகு இந்தக் காந்தாரத்தைச் சேர்த்து, பிறகு பியானோவைவிட 31 பங்கு தாழ்ந்த நிஷாதத்தையும் உள்ளே விடுகிறது. நடுவில் தாளக் கணக்கு தலைசுற்ற வைக்கும். விரலை ஆட்டி வைப்ரட்டோ கொடுத்து ஒப்பேற்ற வழியில்லாத வாசிப்பு, செல்லோக்காரர் இரண்டு இடத்தில் தடுமாறியது பளிச்சென்று தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஆஸ்திரியர் கேயார்க் ஃப்ரீட்ரிஷ் ஹாஸின் 3ஆம் குவார்டெட், 2001. இதைக் கும்மிருட்டில்தான் வாசிக்க வேண்டும், நாலு பேரும் நாலு மூலையில், பார்த்து வாசிக்க இசைத்தாளே கிடையாது. பயப்படுகிறவர்கள் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் விளக்கணைத்துக் காட்டினார்கள், வாசல் மேலிருந்த பச்சை விளக்கைக்கூட அட்டையால் மூடியிருந்தார்கள். ஒரு மூலையிலிருந்து ஒருவர் ஒரு ஒலியை நீட்டி அழைப்பார், மற்றவர் சேர்ந்துகொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். முக்கால் மணி நேரம். நடுவில் எங்கிருந்தோ இத்தாலிய இசையமைப்பாளர் ஜெசுவால்டோவின் பழைய துதிப்பாட்டு ஒன்று எட்டிப் பார்க்கிறது, புனித வாரத்தில் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பாடும் வழிபாட்டுக்கு எழுதியது. பக்கத்திலிருந்தவரின் வயிறு உறுமியது எனக்குக் கேட்டது, என்னுடையது அவருக்கும் கேட்டிருக்கும்.

ஹாபாவையும் அந்தப் பேச்சையும் தூக்கிவிட்டு ஜான்ஸ்டனை இரண்டு தடவை வாசிப்பதாக இருந்தால் 30 பவுண்டு கொடுத்தே போவேன். பெஞ்சுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொண்டு.