கார் கீறலுக்கு டச்-அப்பா, பானல் பெயின்டா?

கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போதும். ஆனால் அதையே வழக்கமாக்க வேண்டாம். கலருக்கு மேலே பூசும் நிறமற்ற கிளியர் கோட்டின் கனமே 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு தேய்ப்பும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், அதிலும் கதவு விளிம்புகளில் சீக்கிரம் கரைந்துபோகும்.

நகம் தட்டி நின்றால்தான், கீறலுக்குள் மட்டும் பெயின்ட் விடும் டச்-அப்பா, கதவு மாதிரி ஒரு பானல் முழுக்கப் பெயின்டா என்ற கேள்வி. ஒற்றைக் கோடு என்றால் தயங்காமல் டச்-அப் என்பேன். காரணம், கம்பெனி பெயின்ட் போனால் போனதுதான். தொழிற்சாலையில் வெறும் பாடியை 140 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை இறுக்குகிறார்கள். ஒர்க்ஷாப்பில் வயரிங்கும் பிளாஸ்டிக்கும் வண்டியிலேயே இருப்பதால், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பெயின்டை 60 டிகிரி வாக்கில் உலர்த்துவதுதான் வழக்கம். கைதேர்ந்தவர் அடித்தால் அதுவும் நன்றாகவே உழைக்கும். அடித்தளத்தைச் சரியாகத் தேய்க்காமல் அடித்திருந்தால் கிளியர் கோட் தோல் தோலாக உரியும்.

விற்கும்போது இன்னொரு சிக்கல். பெயின்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டர், கம்பெனி பெயின்டில் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். அதன்மேல் மறுபடி அடித்தால் 200-ஐத் தாண்டும். விரல் நீளக் கீறலுக்கு அடித்த கதவையும் மோதலில் அடிவாங்கிய கதவையும் வாங்குபவர் ஒரே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

டச்-அப் சொதப்புவது பெரும்பாலும் அவசரத்தால்தான். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள கலர் குறியீட்டு எண்ணைப் பார்த்து டச்-அப் பெயின்ட் வாங்குங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் மெழுகைத் துடைத்தெடுங்கள். தகரம் தெரிந்தால் முதலில் பிரைமர் (அடிப்பூச்சு). பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன், பல்குத்தும் குச்சி நுனியால் பள்ளத்துக்குள் மட்டும் விடுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது நடுவில் குழிவிழும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, இடையில் அரைமணி நேரம். கடைசியில் கிளியர் கோட் சற்று மேடாக நிற்கட்டும். ஒரு வாரம் கழித்து 2500 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, மேடு அடங்கும்வரை மட்டும் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால் தடம் தெரியத்தான் செய்யும். மெட்டாலிக்கில் துகள்கள் வேறு வாக்கில் படிவதால் இன்னும் கொஞ்சம் தெரியும். மூன்றடுக்காகப் பூசும் முத்து வெள்ளை (பேர்ல் ஒயிட்) கலருக்கு இதே தைரியத்தோடு டச்-அப்பைச் சொல்ல மாட்டேன். உள்ளங்கை அகலத்துக்குச் சிராய்த்திருந்தாலும் பானல் பெயின்டுதான்.

பிளாஸ்டிக் பம்பருக்கு இந்தக் கவலையே இல்லை. துரு பிடிக்காது, சாதாரண மைக்ரான் மீட்டரும் அதில் வேலை செய்யாது. தாராளமாக முழுசாகவே அடித்துக்கொள்ளலாம்.