ராணிப்பேட்டைப் பட்டறையில் ஐந்து அச்சு (axis) வெட்டு எந்திரத்தின் முதல் உருப்படி

தோல் ஆலைக் கழிவுநீரை இறைக்கும் சிறிய பம்பு ஒன்றை வடிவமைத்து வரும் எனக்கு, 120 மி.மீ. விட்டமும் முறுக்கிய ஏழு இதழ்களும் கொண்ட இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) மாதிரி ஒன்று தேவைப்பட்டது. வார்ப்புக்குக் கொடுக்கும் முன் வடிவத்தைச் சோதிக்க மட்டுமே என்பதால் 6061 ரக அலுமினியமே போதுமானதாக இருந்தது. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருப்பதால் மூன்று நேர்திசைகளில் மட்டுமே நகரும் மூன்று அச்சு வி.எம்.சி.யில் (கணினி வழி வெட்டும் எந்திரத்தில்) டூல் உள்ளே நுழையாது. எனவே ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், சாயவும் சுழலவும் கூடிய ஐந்து அச்சு எந்திரத்தைப் புதிதாக இறக்கியிருந்த ஒரு ஜாப் ஒர்க் பட்டறையை நாடினேன். அவர்களுக்கும் அதில் இதுவே முதல் உருப்படி.

முதல் நாள் முழுவதும் வெட்டிய உலோகச் சுருள் ஒன்றுகூட விழவில்லை. மேசைமேல் அளவுகோளம் ஒன்றைப் பொருத்தி, ப்ரோப் என்னும் அளவு ஊசியால் தொட்டுத் தொட்டு, சாயும் அச்சும் சுழலும் அச்சும் எங்கே இருக்கின்றன என்று ஆபரேட்டர் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை குறைந்தது உண்மைதான். ஆனால் சுழல் மையம் 20 மைக்ரான் தவறினால், மேசை பாதிச் சுற்று திரும்பியதும் அது 40 மைக்ரானாகத் தெரியும் என்று அவர் காகிதத்தில் வரைந்து காட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டேன். அடுத்து, அலுமினியக் கட்டியை மாட்டாமலேயே புரோகிராமை மெதுவாக ஓட்டி, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் தலை, கட்டியைப் பிடிக்கும் ஃபிக்சரில் இடிக்கிறதா என்று பார்த்தார்கள்.

இதழ்களின் ஃபினிஷ் மிக நன்று. உருண்டை முனை டூலின் நுனியில் வெட்டு வேகம் பூஜ்யம் என்பதால் அது வெட்டாமல் தேய்க்கும். டூலைச் சாய்த்து, பக்கவாட்டால் வெட்ட வைத்ததன் பலன் விரலில் தெரிந்தது.

குறை நடுத்துளையில்தான். 25 மி.மீ. துளையை, எந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து 'சரி' என்று எழுதிவிட்டார்கள். வேலூர் வெயிலில் பட்டறை எப்படிக் கொதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காட்பாடியில் எங்கள் குளிர்சாதன அறைக்கு வந்தபோது ஷாஃப்ட் நுழையவில்லை. அலுமினியத் துளை 15 டிகிரி ஆறினால் ஏறத்தாழ 9 மைக்ரான் சுருங்கும். துளை அளவில் அனுமதித்த வேறுபாடோ மொத்தமே 21 மைக்ரான். திருப்பிக் கொண்டுபோனபோது தயங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள் என்றாலும் அரை நாள் வீணானது. புரோகிராமுக்கும் செட்டிங்குக்கும் தனிக் கூலி என்பதையும் பில்லில்தான் அறிந்தேன்.

அடுத்த மூன்று உருப்படிகளையும் அங்கேயே கொடுத்திருக்கிறேன். வரைபடத்தில் மட்டும், '20 டிகிரிக்கு ஆறவைத்த பின் அளக்கவும்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது.