அப்பத்தா முதுகுக்கு சிமெண்ட் வச்ச ஆஸ்பத்திரி: 5க்கு மூணரை

ஆபரேஷனுக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சே குடுப்பேன்.

மண்டபத்துல இருக்க எங்க அப்பத்தா குனிஞ்சு தண்ணிக்குடத்தை தூக்குனுச்சு, அவ்ளோதான், நடு முதுகுல சுரீர்னு புடிச்சிருச்சு, கீழயெல்லாம் விழவே இல்ல. வாய்வுப்பிடிப்புன்னு தைலம் தேச்சு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப்போட்டு, பெல்ட்டும் போட்டுப் பாத்து வாரக்கணக்கா ஓடிருச்சு, கட்டில்ல புரளக்கூட முடியலன்னதும்தான் மதுரைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனோம் (பேரு வேணாம்).

டாக்டர் எடுத்தவுடனே ஆபரேஷன்னு சொல்லல. எக்ஸ்ரேல எல்1ங்கிற முதுகெலும்பு (இடுப்புப் பகுதில மொத எலும்பு) முன்பக்கமா நசுங்கியிருந்துச்சு, ஆனா புது முறிவா பழசான்னு எம்ஆர்ஐ பாத்தாத்தான் தெரியும், எலும்புக்குள்ள நீர் கோத்திருந்தா புதுசுன்னாரு. நெறைய பேருக்கு பெல்ட்டு, வலி மாத்திரையிலயே ரெண்டு மூணு மாசத்துல சரியாயிரும்னும், 2009ல வந்த ரெண்டு ஆய்வுல நசுங்குன எலும்புக்குள்ள சிமெண்ட் வச்சவங்களுக்கும் வைக்கிற மாதிரி பாவனை மட்டும் காட்டி வைக்காம விட்டவங்களுக்கும் வலி குறைஞ்சதுல பெரிய வித்தியாசம் இல்லன்னும் அவரே சொன்னாரு. சிமெண்ட் வைக்கிற எடத்துலயே இதச் சொல்ற ஆளு அபூர்வம். பெல்ட்டு, மாத்திரைக்கெல்லாம் அப்பத்தாவுக்கு கேக்காததாலதான் ஆபரேஷனுக்கு போனோம்.

குப்புற படுக்க வச்சு மரத்துப்போற ஊசிதான், முழு மயக்கம் இல்ல. எக்ஸ்ரே திரைய பாத்துக்கிட்டே எலும்புக்குள்ள ஊசி எறக்கி, பலூன் ஊதி எடம் பண்ணி, பற்பசை பதத்துல சிமெண்ட ஏத்துறாங்க, கொஞ்ச நேரத்துல இறுகிரும். கசிஞ்சா நரம்ப அழுத்தலாம், நுரையீரலுக்கும் போகலாம்னு கையெழுத்து வாங்கும்போதே சொல்லிட்டாங்க. அப்பத்தா உள்ள படுத்துக்கிட்டே "தம்பி, கடல்ல பாசி எடுக்க எப்ப போகலாம்"னு கேட்டுச்சாம், "மொதல்ல நடங்க ஆத்தா"ன்னாராம். மறுநாள் பாத்ரூமுக்கு தானா நடந்துச்சு.

கொறைஞ்ச ஒன்றரை மார்க் டிஸ்சார்ஜுக்கு. டிஸ்சார்ஜ் சீட்டுல ஆஸ்டியோபோரோசிஸ்னு (எலும்பு மெலிவு) ஒரு வார்த்தை, கூட கொஞ்சம் கால்சியம் மாத்திரை, முடிஞ்சுது. எலும்பு மெலிஞ்சதாலதானே குடம் தூக்குனதுக்கே நசுங்குச்சு, ஒண்ணு நசுங்குனா அடுத்ததும் நசுங்குற வாய்ப்பு கூட, அதுக்கு வைத்தியம் பாக்காம சிமெண்ட் மட்டும் வச்சு என்ன பிரயோஜனம்? ராமநாதபுரத்துல இன்னொரு டாக்டர்தான் எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு, அதுல வர்ற டி ஸ்கோர் மைனஸ் 2.5க்கும் கீழ, அதாவது எலும்பு மெலிவுதான். வைட்டமின் டியும் கிட்னியும் பாத்துட்டு, வருஷத்துக்கு ஒருதடவ ட்ரிப்ஸ்ல ஏத்துற ஜோலட்ரானிக் ஆசிட்ங்கிற எலும்பு மெலிவு மருந்து போட்டாரு. ஏத்துன ராத்திரி காய்ச்சல் அடிச்சுது, அது வரும்னு முன்னாடியே சொல்லிட்டாரு.

அப்பறம் பலூன் கிட்டுக்கு தனி பில்லு, எஸ்டிமேட்ல அது இல்ல, போறவங்க மொதல்லயே கேட்டுருங்க. திரும்பி வரும்போது பஸ் வேணாம், கார் புடிச்சு பரமக்குடில ஒருதடவ எறக்கி நடக்கவிட்டு கூட்டிட்டு வாங்க.